நாலாவது குமிழ்

மரம் கடைகிற அறிவரசன் அந்த வீட்டு வாசலில் வந்து இறங்கியபோது காலை ஒன்பதரை மணி. குரும்பலூரிலிருந்து உடையார்பாளையம் வரைக்கும் சின்ன யானை லோடு வண்டியின் பின்பக்கத்தில், கடைசல் மெஷினைக் கட்டிப் பிடித்துக்கொண்டே வந்திருந்தான். ஒவ்வொரு வேகத்தடையிலும் மெஷின் ஒரு பக்கம் துள்ளியது, அவன் ஒரு பக்கம் துள்ளினான். இடுப்பு கழன்றுவிட்டது. அந்த எரிச்சலோடு நிமிர்ந்து பார்த்தால் வீட்டில் பாதிக்கு மேல் ஓடே இல்லை. இடிக்கிற வேலையைப் பாதியில் நிறுத்தி வைத்திருந்தார்கள்.

“வாங்க தம்பி. எட்டு மணிக்குன்னு சொன்னதா ஞாபகம்,” என்றபடி வந்தார் வீட்டுக்காரர் சாமிக்கண்ணு. ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். வேலையை விட்டாலும் வருகைப்பதிவேட்டை விடாத ஆள்.

வேலை இதுதான். அந்த வீட்டில் பதினோரு பிள்ளைகள் பிறந்தார்கள். பதினோரு பேரும் ஒரே விட்டத்தில் கட்டிய தொட்டிலில் கிடந்து வளர்ந்தவர்கள். வீடு இப்போது தரைமட்டமாகப் போகிறது. அதற்குள் அந்த விட்டத்தைக் கடைந்து ஆளுக்கொரு அலங்காரக் குமிழ் செய்து, ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் கூடும்போது கையில் கொடுக்க வேண்டும் என்று சாமிக்கண்ணுவுக்கு ஆசை. வாசல் நிலையில் மேலே தொங்கவிடுகிற குமிழ். உள்ளங்கை நீளம், மேலே சிறுத்துக் கீழே பருத்து இருக்க வேண்டும். எது யாருடையது என்று தெரிவதற்குப் பிறந்த வரிசைப்படி கறுப்பு வளையம். மூத்தவருக்கு ஒன்று, அடுத்தவருக்கு இரண்டு, கடைக்குட்டிக்குப் பதினொன்று.

“நான் நாலாவது. எனக்கு நாலு வளையம்,” என்று விரலை விரித்தும் காட்டினார். “இன்னொண்ணு. கட்டைய வெளிய எடுத்துட்டுப் போவக் கூடாது. இங்கயே கடையணும். இந்தக் காலத்துல யாரு மரத்த மாத்துவாங்கன்னு சொல்ல முடியாது பாருங்க.”

வந்து கால் மணி நேரத்தில் திருடனாக்கிவிட்டார். அறிவரசன் பல்லைக் கடித்துக்கொண்டான். டீ வந்தது. அவருக்கு எவர்சில்வர் டம்ளரில், அவனுக்குப் பேப்பர் கப்பில். இதையெல்லாம் பார்க்காததுபோல் குடிக்க அவன் பழகியிருந்தான். அன்றைக்குப் பார்த்துக்கொண்டேதான் குடித்தான்.

விட்டம் பின்கட்டுக் கூடத்தில் கிடந்தது. நல்ல வேங்கை மரம். அடுப்புப் புகை குடித்துக் குடித்து மேலே கறுத்திருந்தாலும், நகத்தால் சுரண்டினால் உள்ளே சிவப்பு. அதன் முதுகில், நட்டநடுவில், தொட்டில் கயிறு தேய்த்த பள்ளம் இருந்தது. அறிவரசன் கட்டைவிரலை வைத்துப் பார்த்தான். விரல் முழுக்க உள்ளே போயிற்று. பதினோரு பிள்ளைகள் படுத்தால் இவ்வளவு தேயுமா என்று ஒரு நினைப்பு வந்தது. வேலை தலைக்கு மேல் கிடந்ததால் அந்த நினைப்பை அங்கேயே விட்டுவிட்டான்.

மரத்தை அறுக்க, கூட வேலை செய்கிற பஞ்சநாதன் வரவேண்டும். அவன் வந்தே ஆகவேண்டும்.

ஏனென்றால் அறிவரசனின் மனைவி வெற்றிச்செல்விக்கு எட்டாவது மாதம். கல்யாணமாகி ஒன்பது வருஷம். இரண்டு தடவை வயிற்றில் தங்காமல் போயிருந்தது. பிள்ளைத்தாய்ச்சியின் புருஷன் தேங்காய் உடைக்கக் கூடாது, பிணம் தூக்கக் கூடாது, மரம் வெட்டக் கூடாது என்று போகிறவர் வருகிறவரெல்லாம் அவனுக்குப் பாடம் நடத்தினார்கள். மரத்தில் பிழைக்கிறவன் மரத்தை வெட்டாமல் எதை வெட்டுவான்? அவன் எரிந்து விழுந்தபோது வெற்றிச்செல்விதான் ஒரு வழி சொன்னாள். “கடையுங்க, வேணாங்கல. ரம்பத்த மட்டும் தொடாதீங்க. எனக்காக.” அவளுக்காக இத்தனை மாதமும் அவன் ரம்பத்தைத் தொடவில்லை.

“கெளம்பிட்டேன்ணே, பஸ்ஸுல இருக்கேன்,” என்றான் பஞ்சநாதன், பத்து மணிக்கு. பதினொன்றரைக்கும் அதே பஸ்ஸில்தான் இருந்தான். பன்னிரண்டு மணிக்குப் போனை எடுக்கவில்லை. பன்னிரண்டரைக்குப் போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

சாமிக்கண்ணு இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். மூன்றாம் முறை கைக்கடிகாரத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “வேல தெரிஞ்ச ஆளத்தானே கூப்புட்டேன்?” என்றார்.

அறிவரசனுக்குச் சுருக்கென்று ஏறியது. இடிப்பு ஆட்கள் சுவரோரம் விட்டுப் போயிருந்த ரம்பத்தை எடுத்தான். விட்டத்தின் மேல் காலை ஊன்றினான். பள்ளத்துக்கு இந்தப் பக்கம் ஒரு அறுப்பு, அந்தப் பக்கம் ஒரு அறுப்பு. பள்ளம் இருந்த சாண் நீளத் துண்டு தனியாக உருண்டது. வியர்வையோடு சேர்ந்த வேங்கைத் தூள் அவன் கை முழுக்க ரத்தச் சிவப்பாக அப்பிக்கொண்டது.

போன் அடித்தது. வெற்றிச்செல்வி.

“பஞ்சநாதன் வந்துட்டானாங்க?”

“வந்துட்டான். அறுத்துக்கிட்டு இருக்கான்.”

“இல்ல, இப்பத்தான் வயித்துல ரெண்டு தடவ திடுக்கு திடுக்குன்னு புரண்டுச்சு. அதான் கேட்டேன்.”

அவன் சிவந்த கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான். எவ்வளவு துடைத்தும் போகவில்லை.

கடைசல் ஆரம்பித்ததும் மனசு கொஞ்சம் ஆறியது. எப்போதும் அப்படித்தான். இரண்டு முனைகளுக்கிடையில் கட்டை சுழலும்போது உளியை வைத்தால் சுருள் சுருளாகச் சிவப்புச் செதுக்கல் பறக்கும். உப்புத்தாள் போட்டு மழமழவென்று ஆக்கிய பிறகு வளையம். ஒரு கட்டுக்கம்பியை இரண்டு கையிலும் இழுத்துப் பிடித்துச் சுழலும் மரத்தின் மேல் அழுத்தினால், உரசலில் மரம் தீய்ந்து மெல்லிய கறுப்புக் கோடு விழும். கொஞ்சம் புகையும், தீய்ந்த வாசனையும் வரும். மையால் போட்ட கோடு அழியும். இது அழியாது. மரத்துக்குள் இறங்கிவிடும்.

மூன்றரை மணிக்குள் நான்கு குமிழ் முடித்துச் சுவர் மாடத்தில் வரிசையாக வைத்துவிட்டுச் சாப்பிடப் போனான். திரும்பி வந்து பார்த்தபோது நாலாவது குமிழில் ஐந்து வளையம் இருந்தது.

எண்ணிப் பார்த்தான். ஐந்துதான். பசி மயக்கத்தில் கூடப் போட்டுவிட்டோம் என்று தன்னையே திட்டிக்கொண்டு, அதை ஒதுக்கிவிட்டு வேறு கட்டை மாட்டினான். இருட்டுவதற்குள் ஆறு குமிழ் தேறியது. ஒவ்வொன்றையும் இரண்டு தடவை எண்ணி வைத்தான்.

மறுநாள் காலையில் வந்தபோது மாடத்தின் முன்னால் சாமிக்கண்ணு நின்றிருந்தார்.

“என்னோடதுல அஞ்சு வளையம் இருக்கு. நாலுன்னு விரல விட்டே சொன்னேனே? அதுக்கடுத்ததுல ஆறு, அதுக்கடுத்ததுல ஏழு. எண்ணத் தெரியாதா தம்பி?”

முதல் மூன்றும் சரியாக இருந்தன. நாலாவதிலிருந்து எல்லாவற்றிலும் ஒவ்வொன்று கூடியிருந்தது. கூடிய கோடு அவன் போட்டதைவிடத் தடியாக, ஆழமாக இருந்தது.

“சார், நான் போட்டது சரியாத்தான் இருந்துச்சு. யாரோ மெஷினத் தொட்டிருக்காங்க.”

“இந்த வூட்டுல நானும் எங்கக்காவுந்தான். அவங்களுக்கு எழுவத்தி நாலு வயசு. அவங்க வந்து கடைஞ்சாங்களா?”

மூன்று குமிழும் போயிற்று, மூன்று குமிழுக்கான மரமும் போயிற்று, ஒரு நாள் வேலையும் போயிற்று. யார்மேல் கோபப்படுவது என்றுகூடத் தெரியவில்லை. அதுதான் அவனை அதிகமாக வாட்டியது. மறுபடியும் ஒரு கட்டையை மாட்டினான்.

பதினொன்றரை மணிக்குக் கரண்ட் போனது.

மெஷினின் உறுமல் அடங்கிற்று. பாதி கடைந்த குமிழ் வேகம் குறைந்து, குறைந்து, நின்றது. கூடத்தின் மேலே ஓடு இல்லாததால் வெயில் நேராக உள்ளே கொட்டியது. முந்திரித் தோப்புப் பக்கம் ஒரு குருவிச் சத்தம்கூட இல்லை. இடித்த சுவரின் காரை மணம் மட்டும் நெஞ்சை அடைத்தது. அறிவரசன் சலிப்போடு உளியைக் கீழே வைத்தான்.

கிர்ர்ர்...

கயிறு மரத்தில் உரசுகிற சத்தம்.

மேலேயிருந்து வந்தது. நிமிர்ந்து பார்த்தான். விட்டம் இருந்த இடத்தில் வெறும் வானம்தான் இருந்தது.

கிர்ர்ர்...

முனைகளுக்கிடையில் நின்ற குமிழ் மெல்ல அசைந்தது. முன்னால் கால் சுற்று. நின்றது. பின்னால் கால் சுற்று.

அவன் மோட்டார் ஒரு பக்கம்தான் சுற்றும். அதுவும் கரண்ட் இருந்தால்தான்.

எட்டிப் பிளக்கைப் பிடுங்கினான்.

முன்னால். பின்னால்.

அவசரமே இல்லாத ஆட்டம் அது. அந்தத் தாளம் அவனுக்குத் தெரியும். தெருவில் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் கேட்கிற தாளம்தான். தொட்டில் ஆட்டுகிற தாளம்.

புளித்த தாய்ப்பால் வாடை அடித்தது.

ஆணியில் மாட்டியிருந்த கட்டுக்கம்பி இப்போது ஆணியில் இல்லை. அது குமிழின் மேல் கிடந்தது. இரண்டு பக்கமும் யாரோ இழுத்துப் பிடித்ததுபோல் விறைப்பாக இருந்தது. மரத்திலிருந்து மெல்லிய புகை கிளம்பியது.

“தொடாத தம்பி.”

கதவோரத்தில் உண்ணாமலை நின்றிருந்தார். சாமிக்கண்ணுவின் அக்கா, அந்தப் பதினோரு பேரில் மூத்தவர்.

“சத்தம் போடாத. அது பாட்டுக்கு நிக்கும்.”

நின்றது. கம்பி தளர்ந்து கீழே விழுந்து சிணுங்கியது. உண்ணாமலை உள்ளே வந்து, தரையில் கிடந்த பள்ளத் துண்டைப் பார்த்தபடி தாழ்ந்த குரலில் சொன்னார்.

“நாங்க பன்னெண்டு பேரு தம்பி. நாலாவதா ஒரு பொண்ணு பொறந்துச்சு. பேரு வைக்கிறதுக்குள்ளாறயே தொட்டில்ல செத்துக் கெடந்துச்சு. பேரு வைக்காததக் கணக்குல சேக்க மாட்டாங்க. அப்ப எனக்கு ஏழு வயசு.”

“ஆட்டுறது... அந்தக் கொழந்தையாம்மா?”

“கொழந்த எப்புடி ஆட்டும்? எங்கம்மா.” அவர் குரல் இன்னும் இறங்கியது. “வெறுந்தொட்டில ஆட்டக் கூடாதுன்னு ஊரே சொல்லுச்சு. கேக்கல. ரெண்டு வருஷம் பகலெல்லாம் ஒக்காந்து ஆட்டிக்கிட்டே இருந்துச்சு. இந்தப் பள்ளம் நாங்க படுத்துத் தேஞ்சது இல்ல தம்பி. ஒண்ணுமே இல்லாம ஆட்டித் தேஞ்சது.”

“அப்புறம் எப்படி நிறுத்துனாங்க?”

“சாமிக்கண்ணு பொறந்தான். அவனப் போட்டதும் நிறுத்துச்சு. அம்மாவுக்குத் தொட்டில் நெறையணும். நெறைஞ்சாத்தான் அடங்கும்.”

வீட்டில் வயிற்றைத் தாங்கிக்கொண்டு நடக்கிற வெற்றிச்செல்விதான் அறிவரசனின் கண்ணுக்கு முன்னால் வந்தாள்.

“அந்தப் பொண்ணுக்கும் ஒண்ணு செஞ்சுடு. நாலு வளையம் போட்டு வெச்சுடு,” என்றார் உண்ணாமலை. “முடிஞ்சதும் மிச்சம் மீதி எதையும் கொண்டு போவாத. தூளக்கூட இங்கயே கூட்டிக் கொட்டிட்டுப் போயிடு. கேட்டியா?”

“சரிங்கம்மா.”

அன்று மதியமும் மறுநாள் சனிக்கிழமையும் அவன் மூச்சு விடாமல் கடைந்தான். மூன்றுக்கு அடுத்து அந்தப் பெண்ணுக்கு ஒரு குமிழ், நாலு வளையம். சாமிக்கண்ணுவுக்கு ஐந்து. கடைசியாகப் பிறந்தவருக்குப் பன்னிரண்டு. வரிசை சரியானதும் மெஷின் குழந்தை மாதிரி சொன்னபடி கேட்டது. கம்பி ஆணியை விட்டு நகரவில்லை. ஒரு கோடு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பயம் வடிந்த இடத்தில் பழைய எரிச்சல் வந்து உட்கார்ந்துகொண்டது.

சனிக்கிழமை நாலு மணிக்குப் பன்னிரண்டு குமிழையும் பரப்பி வைத்தான். சாமிக்கண்ணு எண்ணினார். முகம் சிவந்தது.

“பதினொண்ணுதானே கேட்டேன்? மறுபடியும் எனக்கு அஞ்சா?”

“நீ அஞ்சாவதுதான்டா,” என்றார் உண்ணாமலை. நாலு வளையக் குமிழை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார். சாமிக்கண்ணு அக்காவை வெறித்துப் பார்த்தார். அறுபத்தைந்து வருஷத்தில் யாரும் அவரிடம் இதைச் சொல்லியிருக்கவில்லை. ஐந்து வளையக் குமிழை எடுத்து மறுபடியும் எண்ணினார்.

பாவம் என்றுதான் அறிவரசனுக்குத் தோன்றியது. அந்த எண்ணத்தோடேயே அவன் கிளம்பியிருந்தால் எல்லாம் நல்லபடி முடிந்திருக்கும். செதுக்கலையும் தூளையும் கூட்டிக் கொல்லைப்புறக் குழியில் கொட்டினான். பள்ளத் துண்டையும் அதன்மேல் போடுவதற்குத்தான் கையில் எடுத்தான். அப்போது பின்னாலிருந்து சாமிக்கண்ணுவின் குரல் வந்தது. அக்கா மேல் காட்ட முடியாத கோபத்தை எங்காவது காட்டத்தானே வேண்டும்?

“தம்பி, பையத் தொறந்து காட்டிட்டு வண்டியில ஏத்துங்க. கட்ட கிட்ட எதுனா உள்ள போயிருக்கப் போவுது.”

அறிவரசன் துண்டைக் கீழே வைத்தான். பையைத் தலைகீழாகக் கொட்டினான். உளிகள், உப்புத்தாள், கம்பி, சாப்பாட்டு டப்பா. சாமிக்கண்ணு காலால் ஒதுக்கிப் பார்த்துவிட்டு, “சரி சரி,” என்று வண்டிக்காரனைக் கூப்பிட வாசலுக்குப் போனார்.

அவன் காதெல்லாம் சூடேறிக் கிடந்தது. மூன்று நாள். பேப்பர் கப். எண்ணத் தெரியாதா. கடைசியில் இது. செய்யாத திருட்டுக்குச் சோதனை நடந்தாகிவிட்டது, இனி செய்தால் என்ன? கீழே கிடந்த துண்டில் பள்ளத்தைச் சுற்றி ரேகை நெருக்கமாக, அத்தனை அழகாக ஓடியது. வேங்கை மரத்துப் பாலைக் காய்ச்சித்தான் பச்சைப்பிள்ளைக்குப் பொட்டு வைப்பார்கள். அந்த மரத்தில் ஒரு கிலுகிலுப்பை கடைந்தால் தன் பிள்ளைக்குக் கண் படாது. என் பிள்ளைக்கு இதுகூட இல்லையா?

உண்ணாமலை சொன்னதை ஒதுக்கிவிட்டுத் துண்டைப் பைக்குள் போட்டு, அதன்மேல் உளிகளை அடுக்கினான்.

மூன்று வாரம் ஓடிப்போனது. அந்தப் பை பட்டறை மூலையிலேயே கிடந்தது. கிலுகிலுப்பை செய்யலாம் என்று நினைக்கும்போதெல்லாம் வேறு ஏதாவது வேலை வந்துவிட்டது. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வெற்றிச்செல்விக்கு வலி எடுத்துப் பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வாசலில் நின்றுநின்று கால் கடுத்துப்போன அவனை மதியம் மாமியார் விரட்டினாள்.

“ஒங்க பழைய வேட்டி நாலு எடுத்தாங்க மாப்ள. பச்சப்புள்ளையப் புதுத்துணியில போடக் கூடாது.”

வீட்டுக்கு வந்து வேட்டிகளை எடுத்துக்கொண்டு திரும்பும்போது, பக்கத்திலிருந்த பட்டறைக்குள் சத்தம் கேட்டது.

கிர்ர்ர்...

பூட்டைத் திறந்தான். மெஷினின் முனைகளுக்கிடையில் கட்டை எதுவும் இல்லை. பிளக் தரையில் கிடந்தது. வெறும் முனை ஆடிக்கொண்டிருந்தது.

முன்னால். பின்னால்.

புளித்த பால் வாடை.

போன் அடித்தது. இரண்டு தடவை தவறி, மூன்றாவது தடவைதான் எடுக்க முடிந்தது.

“பொண்ணு மாப்ள!” மாமியார் அழுதுகொண்டே சிரித்தாள். “அவளும் நல்லா இருக்கா. இந்தாங்க, ஒங்க மவ கொரலக் கேளுங்க.”

வீறிட்டு அழுதது குழந்தை. ஒன்பது வருஷமாக அவன் கேட்கத் தவித்த சத்தம். கண்ணில் நீர் முட்டியது. பயத்தைக்கூட ஒரு நொடி மறந்துவிட்டான்.

முனை நின்றது.

அதே நொடியில் அழுகையும் நின்றது.

“அட பாருங்களேன்! அப்பன் கொரலக் கேட்டதும் சட்டுன்னு அடங்கிட்டா!” என்றாள் மாமியார்.

அவன் இன்னும் வாயே திறக்கவில்லை.

மூலையிலிருந்து தீய்ந்த மர வாசனை வந்தது. வேட்டிகளை அங்கேயே போட்டுவிட்டு ஓடிப்போய்ப் பையைத் திறந்தான். உளிகளுக்கு அடியில் பள்ளத் துண்டு இல்லை. அந்த இடத்தில் ஒரு குமிழ் இருந்தது. மேலே சிறுத்து, கீழே பருத்து, அவன் கடைசல்போலவே மழமழவென்று இருந்தது. அவன் கடைந்தது அல்ல. கையில் எடுத்தான். வெதுவெதுப்பாக இருந்தது.

போனுக்குள் மாமியார், “மாப்ள? மாப்ள?” என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அவன் வளையங்களை எண்ணினான். நகத்தால் ஒவ்வொன்றாகத் தொட்டு, நிறுத்தி நிறுத்தி எண்ணினான். பன்னிரண்டுக்குக் கீழே பதின்மூன்றாவதாக இன்னும் ஒன்று இருந்தது. அதிலிருந்து மட்டும் புகை வந்துகொண்டிருந்தது.